அகப்பையில் வந்தது

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழியை நான் மேடைகளில் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். பட்டிமன்றத்தில் எதிரணியிடம் சரக்கில்லை என்று காட்டுவதற்கு அது போதும். கோயில் மண்டபங்களுக்கு அதன் மற்றொரு வடிவத்தை வைத்திருந்தேன். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும். கந்தசஷ்டி விரதம் இருப்பவளின் அகத்தே உள்ள பையில், கருப்பையில், பிள்ளை வரும். ஓர் எழுத்தை மாற்றிக் கரண்டியைக் கருவறை ஆக்கும் அந்த இடத்தில் நான் சற்றே நிறுத்துவேன். முன்வரிசை அன்ரிமார் கைதட்டத் தவறியதில்லை. அந்த ஆண்டு சஷ்டி தொடங்குவதற்கு முந்திய வாரமும் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பழமொழி ஸ்ரௌவ்வில் என்ற பனிநாட்டுப் புறநகரில் எங்கள் வீட்டு அடுப்படியில், ஒரு சிரட்டை அகப்பையில், சொல்லுக்குச் சொல் என் கண்முன்னே நிகழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா அந்த விரதத்தை அக்காவுக்காகப் பிடித்தார். அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. றிச்மண்ட் ஹில்லில் அத்தானோடு இருந்தாள். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. பேச்சையே தொழிலாகக் கற்ற நானும் திறந்ததில்லை. வைத்தியர்கள் அடுத்த முயற்சிக்கு ஒரு மாதத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். முந்திய ஆண்டுகளில் அம்மாவுக்கு இடையில் தலைசுற்றி விரதம் முறிந்துபோனது உண்டு. ஆகவே இந்த முறை ஒரு பருக்கையும் பிசகக்கூடாது என்பது அவருடைய தீர்மானம். விரதம் நிறைவேறினால் பிள்ளை தங்கும், முறிந்தால் தங்காது. அவர் அதை அப்படியே நம்பினார். நாங்கள் நம்பினோமா என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை.

தடை வைத்தியரிடமிருந்து வந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பகல் முழுவதும் வெறும் வயிறாக இருந்துவிட்டு மாலையில் ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டால் சீனி ஏறிக் குப்புற விழுத்தும், ஒன்றில் விரதத்தை விடுங்கள், அல்லது சோற்றை விடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். பருப்பு, பயறு, தவிடு நீக்காத தானியம் என்று எதையாவது சாப்பிடச் சொன்னார்.

அப்போதுதான் அப்பா எழுந்து நின்றார்.

இந்த நகரத்தின் இத்தாலிய உணவகங்களின் பின்கதவைத் திறந்தால் உள்ளே தமிழ் கேட்கும். அப்பா அகதியாக வந்து பார்க்டேலில் அறையெடுத்துத் தங்கிய காலத்தில் அப்படியொரு பின்கதவால் கோப்பை கழுவ நுழைந்தவர். இன்று அதே அடுப்படியில் தலைமைச் சமையற்காரர். அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் அறிமுகமில்லை. வீட்டில் ஒருநாளும் அடுப்பு மூட்டாமல், அம்மாவின் ஒவ்வொரு கறிக்கும் தீர்ப்பு மட்டும் வழங்குபவர்.

“இஞ்சை பாரும், உமக்குச் சோறுதானே கூடாது? நான் ஒரு சாமான் செய்து தாறன். இத்தாலியில உழவன் சாப்பிடுற சாப்பாடு. ஒரு கோப்பை உள்ளுக்குப் போனால் விடியுமட்டும் பசி கிட்ட வராது.”

“சூப்போ?” என்றார் அம்மா. “அது வருத்தக்காரர் குடிக்கிறதெல்லோ.”

“உது அந்தச் சூப்பில்லை. அகப்பையை நட்டால் நிக்கும்.”

“சைவமோ?”

“சுத்த சைவம். வெள்ளைப் போஞ்சி விதை, கோதுமை, கரட், தக்காளி. கடைக்குச் சாப்பிட வாற மரக்கறிக்காரர் எல்லாருக்கும் உதைத்தான் குடுக்கிறம்.”

அம்மா ஒரு நிபந்தனையோடு இணங்கினார். விரதத்துக்கென்று அவர் தனியாக ஒரு சட்டியும் ஒரு சிரட்டை அகப்பையும் வைத்திருந்தார். மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட பாத்திரம் எதுவும் அவற்றின் அருகே வரக்கூடாது. அவை கழுவப்படும் பஞ்சுகூட வேறு. அப்பா அந்தச் சட்டியில்தான் சமைக்கவேண்டும், அந்த அகப்பையால்தான் கிண்டவேண்டும், அதற்கு முன் முழுகவேண்டும்.

முழுகிய தலையோடு அப்பா அடுப்படிக்குள் வந்த அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போஞ்சி விதையை முதல்நாளே ஊறவைத்து அவித்திருந்தார். பாரோ என்று இத்தாலியர் அழைக்கும் பழைய வகைக் கோதுமையைக் கழுவி வடித்து வைத்திருந்தார். வெங்காயம், கரட், செலரித் தண்டு மூன்றையும் அரிசிமணி அளவுக்கு அரிந்து, ஒலிவ் எண்ணெயில் மெல்லிய நெருப்பில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா அருகே நின்று அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“எப்ப தாளிக்கப் போறியள்?”

“உதுதான் தாளிதம்.”

“கடுகில்லாமலோ?”

“இத்தாலியில கடுகு இல்லை. அவை சந்தோசமாய்த்தான் இருக்கினம்.”

றோஸ்மேரிக் கொப்பொன்று சட்டிக்குள் போனதும் அம்மா மூக்கைச் சுருக்கினார். “தைலம் மணக்குது.” அப்பா அதைக் கேட்காதவர்போல் தக்காளியைப் பிசைந்து விட்டார், கோதுமையைக் கொட்டினார், அவித்த விதைகளில் ஒரு பங்கை மசித்துக் கலந்தார். பிறகு தன் வேலைப் பையிலிருந்து வெள்ளித்தாள் சுற்றிய ஒரு துண்டை எடுத்தார். சாம்பிராணிக் கட்டிபோல் மஞ்சளாக, கல்லாக இருந்தது.

“உது என்ன?”

“தோல். சீஸ் கட்டியின்ரை வெளித்தோல். இத்தாலியன்ரை கருவாடு.”

அம்மா இரண்டடி பின்வாங்கினார்.

“பகிடிக்குச் சொன்னனான். பால்தான், வேற ஒண்டுமில்லை. தயிர் மாதிரி, நெய் மாதிரி. பசு தாறது.”

பசு தருவதென்றால் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. தோல் சட்டிக்குள் இறங்கியது. கொதி ஏற ஏற வீட்டு மணமே மாறிற்று.

முதல் கரண்டியை அம்மா வைத்தியர் தந்த மருந்தைப்போல் வாயில் வைத்தார். அடுத்ததை அப்படி வைக்கவில்லை. அதற்கடுத்து அவர் கோப்பையை இன்னும் கொஞ்சத்துக்கு நீட்டியபோது அப்பாவின் முகத்தில் நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு வெட்கம் தெரிந்தது. அப்பா சமைத்ததை அம்மா கேட்டு வாங்கியது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. சீனி ஏறவில்லை, தலை சுற்றவில்லை. அடுத்தடுத்த மாலைகளிலும் அதே சூப். அக்கா தொலைபேசியில் கேட்டபோது, “கொப்பர் ஒரு சாமான் செய்யிறார், நீயும் வந்து குடி, உடம்புக்கு நல்லது” என்றார் அம்மா. விரதம் இந்த முறை கரை சேரும் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

தோல் முடியப்போகிறது, இத்தாலியக் கடையில் ஒரு துண்டு வாங்கி வா என்று அப்பா என்னை அனுப்பினார். அவருக்கு அன்று விடுமுறை. வாங்கினேன். காருக்குள் ஏறி, கண்ணாடியில் படிந்த பனிமூட்டம் விலகும்வரை காத்திருந்தேன். கையில் கிடைப்பதை வாசிக்காமல் விடுவது எனக்கு வராது. மேடைப் பேச்சுக்குப் பழகியவர்களின் பசி அது. பொதியின் பின்புறம் இருந்தவை மிகச் சில சொற்கள். பால். உப்பு. கடைசியாக றெனெற் என்று ஒன்று. அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. தெரியாத சொல் ஒன்று என்னைக் கடந்து போவதை நான் விரும்புவதில்லை. தொலைபேசியில் தேடினேன்.

பாலைத் திரையச் செய்யும் பொருள். பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து, அதைக் கொன்ற பின் எடுக்கப்படுவது. பல சீஸ்களுக்கு இன்று வேறு வழிகள் உண்டாம். இந்தச் சீஸுக்கு மட்டும் மரபு விடாதாம்.

அந்த வரிகளை மீண்டும் மீண்டும் வாசித்தேன். கண்ணாடியின் மூட்டம் முற்றாக விலகி, எதிரே கார்களும் கடை வண்டில் தள்ளும் மனிதர்களும் துலக்கமாகத் தெரிந்தன. நான் காரை எடுக்காமல் பொதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகப்பை. அகத்தே உள்ள பை. மேடையில் நான் பிரித்துப் பொருள் சொன்ன அதே சொல். ஒரு பிள்ளைக்காக நோற்கும் விரதத்தின் அகப்பையில் மாலைதோறும் ஒரு பிள்ளைக் கன்றின் பை வந்துகொண்டிருந்திருக்கிறது. என் அம்மா அதைக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாடிப்படியின் கீழிருந்த சாமியறையில் பாராயணத்தில் இருந்தார். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த கடைசித் தோலை அப்பா ஏற்கெனவே உள்ளே போட்டுவிட்டார்.

“அப்பா, சீஸ் சைவமில்லை.”

“ஆர் சொன்னது?”

“பொதியில கிடக்கு.”

வாங்கி, கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். “பால். உப்பு. உது என்ன கடைசிச் சொல்?”

சொன்னேன். அவர் செய்த முதற்காரியம் அடுப்பின் நெருப்பைக் குறைத்ததுதான். கை பழக்கத்தில் செய்தது. பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“கண்டின்ரை வயிறோ.”

“ஓம்.”

“வெள்ளிக்கு வெள்ளி ஒரு குஜராத்திக் குடும்பம் வரும். பிள்ளையளோடை. நான்தான் வெளியில போய்ச் சொல்லுறனான், பயப்பிடாமல் குடியுங்கோ, சுத்த மரக்கறியெண்டு.” உள்ளங்கைகளைப் பார்த்தார். “இவ்வளவு காலமும் ஒருத்தனும் எனக்குச் சொல்லேல்லை.”

அப்பாவின் குரல் சிறுத்து நான் கேட்டதில்லை. அது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அவர் எழுந்து, சாமியறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“கொம்மாவுக்குச் சொல்லாதை.”

“அப்பா.”

“சொல்லாதை எண்டுறன். இண்டைக்கு எடுத்து எறியிறன். இனிப் போடமாட்டன். முருகன் என்ன லேபிள் வாசிக்கிறவரோ?”

“அம்மா கேட்டால்?”

“அவ கேக்கமாட்டா. நீ மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்காட்டில்.”

மறைப்பதே அன்பு என்று பேசச் சொன்னால் நான் பேசுவேன். உரைப்பதே அறம் என்று பேசச் சொன்னாலும் பேசுவேன். நாணயத்தைச் சுண்டி எந்தத் தரப்பைத் தந்தாலும் வென்று காட்டும் பயிற்சியில் வளர்ந்தவள் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்த அடுப்படியில் எனக்குத் தரப்புத் தர எவரும் இல்லை. அப்பா தோலை எடுக்க அகப்பையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சாமியறைக் கதவு திறந்தது. அம்மா நெற்றி நிறைய விபூதியோடு வந்து, அவருக்கு முன் அகப்பையை எடுத்துவிட்டார்.

“நீங்கள் இருங்கோ. இண்டைக்கு நான் போடுறன்.”

சட்டியின் அடிவரை அகப்பையை விட்டு ஒரு கிண்டுக் கிண்டித் தூக்கினார். அதில் தோல் வந்தது. கொதியில் இளகி, ஓரம் சுருண்டு, வெளிறிப்போய், தசை என்று சொன்னால் நம்பத்தக்க ஒன்றாக இருந்தது.

“உதிலதானே ருசியெல்லாம் கிடக்கு,” என்று அதைத் தன் கோப்பைக்குள் விட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா கரண்டியை எடுத்தார்.

“அம்மா, வையுங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“உது சைவமில்லை.”

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

அம்மா என்னை அல்ல, அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையோட்டைப் பார்த்தார். “அதுக்குள்ளை என்ன கிடக்கு?” என்று கேட்டார் அம்மா. அலங்காரம் ஏதுமின்றிச் சொன்னேன்.

“பால்குடிக் கண்டோ?”

“ஓம் அம்மா.”

“அதின்ரை தாய்?”

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார், சத்தம் வராமல். குழாயடியில் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். மேலே போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அப்பா அடுப்பை அணைத்தார். “கெட்டிக்காரி,” என்றார். “கப் குடுப்பினம், வாங்கு.”

வரவேற்பறை அலுமாரியில் என் வெற்றிக் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

ஈரத் தலையோடு இறங்கி வந்த அம்மா சொன்னது எங்கள் இருவரையும் உறையவைத்தது. “இனிச் சூரன் போர் முடியுமட்டும் தண்ணியோடை இருக்கப் போறன். வேற வழியில்லை.”

“உமக்கென்ன விசரோ? சீனிக்குக் குளிசை போடுற ஆள். விழுந்தால் ஆர் தூக்கிறது?”

“முருகன் தூக்குவார்.”

அப்போது நான் பேசினேன். அறியாமல் செய்தது பிழையாகாது என்றேன். நோயாளிக்கு விதிவிலக்கு உண்டு என்றேன். நோன்பு வயிற்றில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சு முறியாதபோது நோன்பு எப்படி முறியும் என்று கேட்டேன். வாதத்தின் மேல் வாதத்தை அடுக்கி, இறுதியில் குரலைத் தாழ்த்தி, கேட்பவர் தாமாகவே முடிவுக்கு வரும் இடத்தில் நிறுத்தினேன். எந்த மேடையிலும் அவ்வளவு நேர்த்தியாக நான் பேசியதில்லை என்று இன்றும் சொல்வேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். “நல்லாப் பேசினாய் பிள்ளை. போய்ச் சாப்பிடு.”

அப்பா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

அக்கா வேலை உடுப்போடு வந்து சேர்ந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே அப்பா விடயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், அல்லது அப்பாவிடம் கோபிப்பாள். அவள் நேரே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்தாள்.

“அம்மா, ப்ளீஸ், சாப்பிடுங்கோ.”

“விரதம் முறிஞ்சு போச்சு பிள்ளை. உனக்காகப் பிடிச்சது.”

“எனக்குப் பிள்ளை வேணும்தான். அதுக்காக அம்மாவைக் குடுக்க நான் ரெடி இல்லை.”

“உப்பிடிக் கதைக்காதை. முறிஞ்சதை எப்பிடியாவது சரிக்கட்ட வேணும்.”

“முறிஞ்சால் என்னம்மா?” என்றாள் அக்கா. “எனக்கும் ரெண்டு தரம் முறிஞ்சது. நான் அடுத்த நாள் எழும்பிப் பல்லு மினுக்கி, சாப்பிட்டு, வேலைக்குப் போனனான். சீரியஸா. ஒருத்தரும் கேக்கேல்லை. நான் இன்னும் இருக்கிறன்தானே.”

எங்கள் வீட்டில் எவரும் சொல்லாத சொல்லை, சொல்ல வேண்டியவளே, காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். அந்த மாலையின் அதிர்ச்சிகளில் எதுவும் இதற்கு ஈடாகாது. அவளை எத்தனையோ வார இறுதிகளில் சந்தித்திருக்கிறேன். என்னுடைய போட்டிகளைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம்.

அம்மா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். “வேலையால நேரை வந்தனியோ?” என்று கேட்டார். “பசிக்குதோ?”

“பசிக்குது.”

“இஞ்சருங்கோ,” என்று அப்பாவை அழைத்தார் அம்மா. “தோல் போடாத விதை இருக்கோ?”

அப்பா அவித்த விதையில் பாதியை மறுநாளைக்கென்று புறம்பாக எடுத்து வைத்திருந்தார். பழைய சூப் குப்பைக்குப் போயிற்று. சட்டியையும் அகப்பையையும் அம்மா தானே மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுத்தார். அப்பா மறுபடி முழுகிவிட்டு வந்தார். இந்த முறை வெங்காயத்தை நான் அரிந்தேன். அது அரிசிமணியாக வரவில்லை, அவர் ஒன்றும் சொல்லவுமில்லை. அக்கா அவித்த விதையை மசித்தாள்.

மேசையில் நால்வரும் இருந்தோம். அம்மா முதல் கரண்டியை வாயில் வைக்கும்வரை எவரும் தொடவில்லை.

“எப்பிடி?” என்றார் அப்பா.

“குறை சொல்லக்கூடாது.” அம்மா இன்னொரு கரண்டி குடித்துப் பார்த்தார். “ஆனால் அது இருந்ததுதான் ருசி.”

அப்பாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. “முருகா,” என்றார். “இவ சொல்லுறது உனக்குக் கேக்கேல்லை.”

“கேக்கட்டும். விரதத்தோடை பொய் சொல்லேலாது.” அம்மா சட்டிப் பக்கம் தலையை ஆட்டினார். “கொஞ்சம் பெருங்காயம் போட்டுப் பாருங்கோவன்.”

“பெருங்காயமோ? இத்தாலியன் கண்டால் என்னை வெட்டுவான்.”

“இஞ்சை இத்தாலியன் ஆர் இருக்கிறான்?”

அப்பா எழுந்துபோய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டிக்குள் போட்டார். நாங்களும் கோப்பைகளோடு எழுந்து அடுப்பைச் சுற்றி நின்றோம். அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அப்பா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுக் கிண்டினார். அது மேலே வந்தபோது, அதில் என்ன வருகிறது என்று நால்வரும் குனிந்து பார்த்தோம்.